பாலைவன முற்றத்தில் பொடுதலைப் பூந்தரை

சகோதரர்களே, பொடுகுக்குத் தேய்க்கும் பொடுதலைத் தைலம் நம் கடைக்காரர்களுக்குப் புதிதல்ல. அந்தப் பொடுதலை, ஊரில் ஊருணிக் கரையிலும் வயல் வரப்பிலும் யாரும் நடாமலே படர்ந்து கிடக்கும் சிறு பூண்டு. அதனை அரபு நாட்டுப் பாலை மணலில், வீட்டு முற்றத்தில், பூந்தரையாக வளர்க்கலாம் என்பதே இன்றைய பாடம். நம்மில் பலருக்கு மகனோ, தம்பியோ, மருமகனோ வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிரயோஜனப்படும் என்று எண்ணி எழுதுகிறோம். நாம் தோட்டக்கலை கற்றவரல்லர். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே நம் படிப்பு. கண்ணால் கண்டதையும், விசாரித்துத் தெளிந்ததையுமே சொல்கிறோம்.

நம் காக்கா சார்ஜாவில் நெடுநாளாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். 2021-ல் உம்மாவைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அங்கே உம்மாவுக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் மனம் ஒட்டவில்லை. வீட்டின் பின்புறம் பன்னிரண்டடிக்குப் பத்தடி வெறும் மணல். காற்றடித்தால் அது அடுப்படி வரை வரும். "காலை வைக்க ஒரு பிடி ஈர மண் இல்லையே வாப்பா, என்னை ஊரிலே கொண்டு விட்டுவிடு" என்று உம்மா அடிக்கடி சொல்வார்கள். ஊரிலோ கவனிக்க ஆளில்லை. ஆகவே அந்த மணல் காக்காவுக்குப் பெருங்கவலையாகிவிட்டது.

2022 ஏப்ரலில் காக்கா காசு கொடுத்துப் புல் விரிப்பு வாங்கிப் பதித்தார். ஆகஸ்டில் நாம் அங்கே போனபோது அது காய்ந்த வைக்கோலாகக் கிடந்தது. மேலே உப்புப் பூத்திருந்தது. தண்ணீர்ச் செலவோ இரட்டிப்பு. "தம்பி, வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினேனே!" என்று காக்கா வருந்தினார். ஊற்றியது உண்மைதான். எங்கே பிழை?

மூன்று பிழைகள் இருந்தன. முதலாவது, காலம். சார்ஜாவில் கோடையில் வெயில் 45 டிகிரியையும் தாண்டும். ஒரு வருஷ மழை சராசரியாகச் சுமார் 100 மில்லிமீட்டர்தான். நம் சிங்கப்பூரிலோ 2,000-க்கு மேல். கோடை வாசலில் நட்ட செடிக்கு வேர் பிடிக்க அவகாசம் ஏது? இரண்டாவது, வேளை. காக்கா கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வரும் உச்சி நேரத்தில் தண்ணீர் தெளித்தார். மாடித் தொட்டியில் நிற்கும் தண்ணீர் அந்நேரம் கையைச் சுடும். அதை வேரில் ஊற்றினால் செடி என்ன செய்யும்? மூன்றாவது, அளவு. தினமும் மேலாகக் கொஞ்சம் தெளித்தார். இதில்தான் உப்பின் கணக்கு இருக்கிறது.

உப்புக் கணக்கை நம் பேரேட்டைப்போல் நினைத்துக்கொள்ளலாம். ஊற்றும் தண்ணீரில் சிறிதளவேனும் உப்பு உண்டு, அது வரவு. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்புப் போகாது. நாளுக்கு நாள் வரவு ஏறுமே தவிரப் பற்று விழாது. கடைசியில் அது வெள்ளையாக மேலே வந்து இலை ஓரத்தைக் கருக்கிவிடும். இதற்குப் பற்று எழுதும் வழி ஒன்றே. இடைவெளி விட்டு, ஆழமாக இறங்கும்படி நீர் பாய்ச்சினால் உப்பு கரைந்து வேருக்குக் கீழே போய்விடும்.

மாற்றுச் செடியைக் கண்டுபிடித்தது நாமல்ல, உம்மாதான். பக்கத்து வீட்டுப் பேரீச்ச மரத்தடியில், சொட்டு நீர்க் குழாய் கசிந்த இடத்தில், பச்சையாக ஒன்று படர்ந்திருந்தது. உம்மா குனிந்து ஒரு கிள்ளு எடுத்து மோந்து பார்த்து, "இது நம்ம ஊருணிக்கரைப் பொடுதலையல்லவா!" என்றார்கள். வந்த நாள் முதல் அவர்கள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியைக் கண்டதில்லை என்றார் மச்சி. வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு கூடை கொடி வாங்கிக்கொள்ள உத்தரவும் பெற்றோம். வெயில் தணியட்டும் என்று அக்டோபர் வரை காத்திருந்தார் காக்கா.

இனி வளர்க்கும் முறையைக் கூறுவோம்.

மண்: பாலை மணல் தண்ணீரையும் நிறுத்தாது, உரத்தையும் நிறுத்தாது. ஒரு சாண் ஆழம் கொத்தி, மூன்று கூடை மணலுக்கு ஒரு கூடை நன்றாக மக்கிய எருவைக் கலக்க வேண்டும். மக்காத எரு செடியைச் சுட்டுவிடும். தென்னை நார்த் தூளும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டியாகக் கப்பலேறி வரும் சரக்கு அது. கழுவாத சரக்கில் உப்பு மிகுதி. வாங்கும்போது கழுவியதா என்று கேட்டு வாங்குக.

நடவு: பொடுதலையின் தண்டு தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விடும். ஆகையால் விதை வேண்டியதில்லை. மூன்று நான்கு கணு உள்ள துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில், இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி பதித்தால் போதும். முதல் இரண்டு வாரம் மேலே நிழல் வலை கட்டி, தினமும் நீர் விட வேண்டும்.

நீர்: வேர் பிடித்த பிறகு மெல்ல மெல்லக் குறைக்கலாம். அதிகாலையில், தொட்டித் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது விடுவதே நலம். காக்கா ஓரடிக்கு ஒன்றாகச் சொட்டுக் குழாய் போட்டார். குளிர் மாதங்களில் வாரம் ஒருமுறை, கடுங்கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டார். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து ஈரமிருந்தால் அன்று நிறுத்திவிடுவார். மாதம் ஒருமுறை மாத்திரம் நீண்ட நேரம் விட்டு உப்பைக் கீழே இறக்குவார்.

தரை மூடிய பின் மணல் பறப்பதில்லை. வெயில் மண்ணில் நேரே படாததால் ஈரமும் விரைவில் காய்வதில்லை. தீக்குச்சி முனைபோன்ற சிறு பூக்கள், வெள்ளையும் இளம் ஊதாவுமாக நிறையப் பூக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். அந்தப் பூவுக்குத் தேனீ வரும். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடமானால் பூவைக் கத்தரித்துவிட வேண்டும். அடுத்தது, இது அடங்கி நிற்கும் செடியல்ல. இதன் நெருங்கிய இனமொன்று ஆஸ்திரேலியாவில் ஆற்றோர மேய்ச்சல் நிலங்களில் புகுந்து பெருங்களையாகிவிட்டது. ஆகவே சுற்றிலும் செங்கல் வரம்பு கட்டுக. கழித்த கொடியை நீரோடையில் வீசற்க.

கடலோரத்து உவர் மண்ணானால் தடித்த இலையும் இளஞ்சிவப்புப் பூவுமுள்ள செஸூவியம் என்ற கொடி இன்னும் நன்றாக உப்பைத் தாங்கும். துபாய்ச் சாலையோரங்களில் அதைக் காணலாம். கண்ணைக் கவரும் நிறம் வேண்டுவோர் பத்துமணிப் பூவை ஓரத்தில் வைக்கலாம்.

அந்நாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. குழாயில் வரும் தண்ணீர் பெரும்பாலும் கடல்நீரைச் செலவு செய்து நன்னீராக்கியது. ஆகவே அங்கே ஒரு குடம் மிச்சப்பட்டால் அது உண்மையான மிச்சம்.

அக்டோபரில் நட்டது 2023 மார்ச்சுக்குள் மண் தெரியாமல் மூடியது. அந்த வருஷக் கோடையில் இரண்டு மூலைகள் காய்ந்தன, மற்றது நின்றது. காய்ந்த இடத்துக்கும் பக்கத்துக் கொடியே குளிர்காலத்தில் ஓடி வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் போய்ப் பார்த்தோம். அஸர் தொழுகைக்குப் பின் உம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "ஊருக்கு எப்போது போகலாம் உம்மா?" என்று கேட்டோம். "இந்த மூலை இன்னும் மூடவில்லையே, அது மூடட்டும்" என்றார்கள்.

வளைகுடாவில் உறவினர் உள்ள அன்பர்கள் இப்பக்கத்தை அவர்களுக்கு அனுப்பி வைப்பார்களாக. நடுவதற்கு அக்டோபர் மாதம் என்பதை மாத்திரம் மறக்க வேண்டாம்.