உச்சிக்கிளையின் வெண்தொண்டைக் குருவி

சிங்கராஜ வனத்தில் பெருமரங்களின் உச்சி 35, 40 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வாழும் வெண்தொண்டைப் பூங்கொத்தியோ மிகச் சிறியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வான வெளிச்சத்தில் அது ஒரு கரும்புள்ளி. ஆகையால் நிறத்தை நம்பித் தொடங்காதீர்கள் என்றே நான் மாணவியருக்குச் சொல்வேன். முதலில் அலகைப் பாருங்கள்.

நீண்டு வளைந்த அலகா? அது தேன்சிட்டு. குட்டையாய்த் தடித்த அலகா? பூங்கொத்தியாக இருக்கலாம். ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் பெட்டைக்கும் வெளிறிய தொண்டையும் மஞ்சள் வயிறும் உண்டு. அலகைக் கவனிக்காதவர் இரண்டையும் ஒன்றென்றே எழுதிவிடுவார்.

அடுத்தது தொண்டை. நமது பறவைக்குத் தொண்டை வெள்ளை, வயிறு மஞ்சள். வெள்ளைக்கண்ணிக்கு இது தலைகீழ்: தொண்டை மஞ்சள், வயிறு வெளிறல். ஆணின் தலையும் முதுகும் நீலம் கலந்த கருஞ்சாம்பல். பெட்டை மங்கலான ஒலிவ நிறம். அவளை அடையாளம் காண்பதுதான் உண்மையான பரீட்சை.

இந்த இனம் உலகில் இலங்கையில் மட்டுமே உண்டு. அதுவும் ஈரவலயக் காடுகளில்தான். 1872இல் இதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, இங்கு பணியாற்றிய இராணுவ அதிகாரி வில்லியம் வின்சென்ட் லெக் அவர்களின் நடுப்பெயரை ஒட்டியே 'வின்சென்ஸ்' என்றார்கள். காடு சுருங்கினால் இதற்குப் போக வேறு நாடு இல்லை. வீட்டுத்தோட்டத்துச் சிட்டைப் பார்த்துவிட்டு இதன் பெயரை எழுதினால், இல்லாத இடத்தில் இருப்பதாக ஒரு பொய்க்கணக்கு உண்டாகும். ஸுலைமான் நபியிடம் ஹுத்ஹுத் பறவை கொண்டுவந்தது உறுதியான செய்தி என்று படித்திருக்கிறோம். பறவையைப் பற்றி நாம் கொண்டுவரும் செய்தியும் அப்படி இருக்கட்டுமே! மஞ்சள் வயிறு மட்டும் தெரிந்ததா? "மஞ்சள் வயிற்றுச் சிறு பறவை, இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அதுவும் நல்ல குறிப்புத்தான்.

பார்க்க இலகுவான இடம் காட்டின் நடுவல்ல, பாதையோரம். 1970களில் மரம் வெட்டுவதற்காகப் போட்ட பழைய பாதையில் காலையில் நின்றால், பூவையும் பழத்தையும் தேடி அது தாழ்ந்த செடிகளுக்கும் இறங்கி வரும். கழுத்து வலிக்காது.

சிங்கராஜவுக்குப் போக வசதியில்லாத பிள்ளைகள் வீட்டிலேயே பழகலாம். அதன் உறவான வெளிறலகுப் பூங்கொத்தி ஜாம் பழ மரத்துக்குத் தினமும் வரும். மேலே சாம்பல் கலந்த பழுப்பு, கீழே வெளிறல், இளஞ்சிவப்புச் சாயலான அலகு. வெள்ளையும் மஞ்சளும் பிரியும் எல்லை அதன் நெஞ்சில் இராது. மாமரத்துக் குருவிச்சையின் பழத்தைத் தின்று, பசையுள்ள விதையைக் கிளையில் ஒட்டிவிட்டுப் போவதும் அதுவே. குருவிச்சையை வெட்டச் சொல்லும் வாப்பாமார் சொல்வது நியாயம்தான். வெட்டுமுன் ஒரு காலைப்பொழுது மட்டும் பிள்ளையை அந்த மரத்தடியில் நிற்க விடுங்கள்.