விசா மறுப்பும் நீதிமன்றமும்: கனடா செல்ல விரும்பும் வணிகர்கள் அறிய வேண்டியவை

கனடாவில் படிக்கும் மகள் பட்டம் வாங்கப் போகிறாள். அதைப் பார்க்க விசா கேட்டு விண்ணப்பிக்கிறார் ஒரு மளிகைக் கடைக்காரர். குறித்த காலம் முடிந்ததும் அவர் நாடு திரும்புவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை என்று மறுப்பு வருகிறது. முப்பது ஆண்டுகள் ஒரே தெருவில் கடை நடத்தியவர் மனம் நொந்துபோகிறார். இனி என்ன செய்யலாம்?

வருகை விசா மறுப்புக்குக் கனடாவில் மேல்முறையீடு கிடையாது. ஆனால் அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 'நீதிமுறை மறுஆய்வு' கோரலாம். இரண்டும் ஒன்றல்ல. மேல்முறையீட்டில் வழக்கையே புதிதாகப் பார்ப்பதுண்டு. மறுஆய்விலோ, அதிகாரி தம் முன்னால் இருந்த காகிதங்களை வைத்து நியாயமான முறையில் முடிவெடுத்தாரா என்பது மட்டுமே கேள்வி. 2019 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் வாவிலோவ் வழக்கில் இதற்கான அளவுகோலைத் தெளிவுபடுத்தியது. காரணங்கள் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கோப்பில் உள்ள முக்கியமான சான்றுகளைப் புறக்கணிக்கக் கூடாது.

நடைமுறை இதுதான்:

1. கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவானால், அது நமக்குத் தெரிந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். கனடாவுக்குள் எடுக்கப்பட்ட முடிவுக்கு 15 நாட்களே. தாமதத்தை மன்னிக்கத் தக்க காரணம் காட்ட வேண்டும்.

2. நீதிமன்றக் கட்டணம் 50 கனடிய டாலர். வழக்கறிஞர் கட்டணம் தனி. வென்றாலும் செலவுத் தொகை பொதுவாகக் கிடைக்காது.

3. முதலில் வழக்கை நடத்த அனுமதி பெற வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் அதற்கு மேல் முறையீடு இல்லை. அனுமதி கிடைத்தால், 30 நாட்களுக்குக் குறையாமலும் 90 நாட்களுக்கு மிகாமலும் விசாரணை நாள் குறிக்கப்படும்.

4. நம் சார்பில் அங்கு வாதாடக் கனடிய வழக்கறிஞரால்தான் முடியும். விசா ஏஜெண்டோ குடியேற்ற ஆலோசகரோ வாதாட இயலாது. "கோர்ட்டில் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்பணம் கேட்பவரிடம் கவனமாக இருப்போம்.

வென்றால் விசா கையில் கிடைத்துவிடுமா? கிடைக்காது. பழைய முடிவு ரத்தாகும். கோப்பு வேறோர் அதிகாரியிடம் போகும். அவர் தக்க காரணம் காட்டி மீண்டும் மறுக்கவும் கூடும். இதற்குள் பட்டமளிப்பு விழாவும் முடிந்திருக்கும்.

எனவே மறுப்பு வந்ததும், அதிகாரி எழுதிவைத்த குறிப்புகளை வாங்கிப் படித்து, ஒரு கேள்வியை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: 'தேவையான காகிதத்தை நாம் வைக்கவில்லையா, வைத்தும் அவர் பார்க்கவில்லையா?' வைக்கவில்லை என்றால் வழக்கு பயன் தராது; குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே மேல். விண்ணப்பத்தோடு தராத சான்றை நீதிமன்றத்தில் புதிதாகக் காட்டினால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். வைத்தும் பார்க்கவில்லை என்றால்தான் வழக்குக்கு வலு உண்டு. அப்படிப்பட்ட சில வழக்குகளில் அரசுத் தரப்பே விசாரணைக்கு முன் மறுபரிசீலனைக்கு இசைவதும் உண்டு.

இங்கேதான் நம் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மளிகைக் கடைக்காரரின் பணம் வங்கியில் தூங்குவதில்லை. அது சரக்கிலும், வாடிக்கையாளர் கடன் கணக்கிலும் இருக்கிறது. வங்கிக் கணக்கில் இருப்புக் குறைவாகத் தெரியும்; திடீரென ஒரு பெருந்தொகை வரவாகும். தொலைவில் உள்ள அதிகாரிக்கு இதன் பொருள் புரியாது. நாம்தான் எழுதிக் காட்ட வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவும் கணக்குத் தாக்கலும், வருமான வரிக் கணக்கு, கடை வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்துப் பத்திரம், சரக்கு இருப்பு விவரம், பெருந்தொகை வந்த வழி, நாம் இல்லாதபோது கடையை யார் கவனிப்பார், எந்தத் தேதியில் திரும்பி என்ன வேலை இருக்கிறது என்பன அடங்கிய விளக்கக் கடிதத்தை முதல் நாளே இணைத்துவிட வேண்டும். எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். பொய்யான ஆவணம் தந்தால் ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் நுழையத் தடை விழும்.

பில் இல்லாத சரக்குக்குக் கணக்குக் காட்ட முடியாது என்பது நமக்குத் தெரிந்ததே. விசா வழக்கிலும் அதுதான் நிலை. நாளை நீதிபதி பார்க்கப்போவது இன்று நாம் வைக்கும் காகிதங்களைத்தான்.