போகும் செலவும் திரும்பும் செலவும்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கிருந்து விமானத்தில் தில்லி வழியாகப் புறப்படும் ஒருவர் 24 மணி நேரத்திற்குள் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் இறங்கிவிட முடிகிறது. பணமும் விடுப்பும் இருந்தால் போதும். மலையேற்றப் பயிற்சி வேண்டியதில்லை. அங்கிருந்து கார்துங் லா கணவாய்க்கு வாடகைக் கார் கிடைக்கிறது. அதன் உயரம் 5,359 மீட்டர். சியாச்சின் அடிவார முகாம் முதல் குமார் நிலை வரையிலான பகுதி சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்படுவதாக 2019 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 1954இல் டார்ஜிலிங்கிலும் 1965இல் உத்தரகாசியிலும் மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் தொடங்கப்பட்ட காலத்தில் வீரர்களுக்கே உரியவையாக இருந்த உயரங்கள், இன்று மாதச் சம்பளக்காரரின் ஆண்டு விடுப்பிற்குள் வந்துவிட்டன.

இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. ஆனால் இதில் ஒரு கணக்கு விடுபட்டுப் போகிறது. போய்ச் சேரும் செலவை அனைவரும் கணக்கிடுகிறோம். திட்டமிட்டபடி திரும்ப முடியாமற் போனால் ஆகும் செலவைக் கணக்கிடுவோர் குறைவு.

2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் உத்தராகண்டின் சகஸ்திர தால் மலைநடையில் நேர்ந்த துயரத்தை இந்நகரம் மறந்திருக்காது. உள்ளூர் வழிகாட்டிகளையும் சேர்த்து 22 பேர் சென்ற குழுவில் பெரும்பாலோர் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள். 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பனிப்புயலில் சிக்கி 9 பேர் உயிரிழந்தனர். 13 பேர் மீட்கப்பட்டனர். சென்றவர்களில் ஐம்பது வயதைக் கடந்தோர் பலர். விமானப்படை ஹெலிகாப்டர்களும் மாநிலப் பேரிடர் மீட்புப் படையினரும் மீட்புப் பணியில் ஈடுபட்டனர். உரிய காலம் என்று கருதப்படும் மாதத்திலும் வானிலை மாறும். அத்தகைய இடங்களில் உதவி என்பது பல மணி நேரத் தொலைவில் இருக்கும்.

உயரம் உடலை என்ன செய்கிறது? காற்றிலுள்ள ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஏறத்தாழ 21 சதவீதமே, குறைவது காற்றழுத்தம். ஆகவே லே நகரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். 5,500 மீட்டரில் அது பாதியாகிறது. வெப்பநிலையும் 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வீதம் குறையும். நனைந்த உடையும் வீசும் காற்றும் சேர்ந்தால் குளிர் பன்மடங்காகும். 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்றும் மலை மருத்துவர்கள் கூறுவர். லேயில் விமானத்தில் இறங்குவோர் முதல் 48 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது அங்குள்ள நிர்வாகத்தின் அறிவுரை. உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் கால் தடுமாறினாலோ, பேச்சு குழம்பினாலோ உடனே கீழே இறங்குவதுதான் முதல் சிகிச்சை. விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து.

நந்தி மலையில் வாரந்தோறும் ஏறியிறங்குவதால் இதற்குப் பழகிவிடலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். அதன் உயரம் 1,478 மீட்டர். கால்களும் நெஞ்சும் அங்கே வலுப்பெறும். மெல்லிய காற்றுக்கு இரத்தம் பழகாது. அதற்கு உயரத்தில் கழிக்கும் நாட்களே வேண்டும். எனவே எட்டு நாள் பயணத்தை விடுப்புக்காக ஆறாகச் சுருக்குவது சிக்கனமாகாது.

இவ்வகையில் வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கைலாஷ் மானசரோவர் யாத்திரை நல்ல முன்மாதிரி. 2020 முதல் தடைபட்டிருந்து 2025இல் அது மீண்டும் தொடங்கியது. யாத்திரிகர் கடக்கும் டோல்மா லா கணவாய் 5,600 மீட்டருக்கு மேற்பட்டது. வயது 18க்குக் குறையாமலும் 70க்கு மிகாமலும், உடல் நிறை குறியீடு 25க்கு மிகாமலும் இருக்க வேண்டும். தில்லியில் மருத்துவப் பரிசோதனை. வழியில் உயரமான இடத்தில் மீண்டும் ஒன்று. அதில் தேறாதவர் எவ்வளவு பக்தியோடு வந்திருந்தாலும் திரும்பத்தான் வேண்டும். கடுமையாகத் தோன்றலாம்; தனியார் குழுக்களிடமும் இதே கடுமையை நாம் கேட்டுப் பெற வேண்டும் என்பதே நமது கருத்து.

இனி பணம். காலணிக்கும் உறக்கப்பைக்கும் தாராளமாகச் செலவிடுவோர் காப்பீட்டு ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலைப் படிப்பதில்லை. பயணக் காப்பீடுகள் பலவற்றில் சாகசச் செயல்கள் விலக்கப்பட்டிருக்கும், அல்லது குறிப்பிட்ட உயரத்திற்கு மேல் பாதுகாப்பு இராது. நீங்கள் செல்லும் அதிகபட்ச உயரம் அடங்குகிறதா, ஹெலிகாப்டர் மீட்பு அடங்குகிறதா, அதற்கு யாருடைய முன் ஒப்புதல் வேண்டும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே உள்ள இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை நோயையும் மறைத்தால் கோரிக்கை மறுக்கப்படலாம். அண்டார்க்டிகா போன்ற பயணங்களில் இது மேலும் முக்கியம். அர்ஜென்டினாவின் உசுவாயாவிலிருந்து டிரேக் நீரிணையைக் கப்பலில் கடக்கவே ஏறத்தாழ இரண்டு நாட்களாகும். அங்கே நோயுற்றால் வெளியேறுவது எளிதன்று.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புகளுக்கு விற்பவரே டி.சி.எஸ். வரியை வசூலிப்பார். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமானவரிக் கணக்கில் ஈடுசெய்யலாம், மிகுதியைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அத்தொகை கையில் இராது என்பதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பயணத்திற்காகத் தனிநபர் கடன் வாங்குவதைவிட, ஓராண்டுக்கு முன்பே தொடர் வைப்பு தொடங்குவது நலம். உடலைத் தயார் செய்யவும் அந்த ஓராண்டு தேவைப்படும்.

சொல்லத் தயங்கும் செய்தி ஒன்றும் உண்டு. புறப்படுமுன் உங்கள் வைப்புகளில் நியமனதாரர் பதிவாகியுள்ளாரா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரித்துக் குறிப்பிடலாம். பாதுகாப்புப் பெட்டகத்திற்கு ஒருவருக்குப் பின் ஒருவராக மட்டுமே நியமிக்க முடியும். நியமனம் இல்லாத கணக்குகளில், துயரத்தில் இருக்கும் குடும்பத்தினரிடம் சட்டப்படியான ஆவணங்களைக் கேட்க வேண்டிய நிலை கிளை அலுவலர்களாகிய நமக்கும் கடினமானது. படிவம் ஒரு பக்கமே. கிளையில் சில நிமிட வேலை. காப்பீட்டு ஒப்பந்தத்தின் நகலையும் குழுத் தலைவரின் தொலைபேசி எண்ணையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அலுவலகத்தில் விடுப்புக் கேட்கும்போது, திரும்பும் தேதிக்குப் பின் இரண்டு நாட்களைக் கூடுதலாகச் சேர்த்தே கேளுங்கள்.