தீவன மூட்டையும் அதன் சுற்றாடல் கணக்கும்

மாட்டுத் தீவனத்துக்கு நாம் இரண்டு கணக்குத்தான் பார்ப்பது வழக்கம்: மூட்டை என்ன விலை, பால் எத்தனை லீற்றர். உலகின் பெரிய தீவன உற்பத்தியாளர்கள் இப்பொழுது மூன்றாவது கணக்கு ஒன்றையும் பார்க்கிறார்கள். அத்தீவனத்தை விளைவித்து, அரைத்து, கப்பலேற்றிக் கொட்டில் வாசலுக்குக் கொண்டுவரும்வரை நிலமும் நீரும் காற்றும் எவ்வளவு பாதிக்கப்பட்டன என்பதே அது.

இடம்பெயர்ந்து, மாடு கன்றுகளை விட்டுவந்த எங்களுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மீளக்குடியமரும்போது வாழ்வாதார உதவியாக மாடு தருகிறார்கள். எந்த இனம், என்ன தீவனம் என்று தீர்மானிப்பவர்களின் கையில் இத்தகைய கணக்குகளும் இருக்கக்கூடும். கணக்கு விளங்காதவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான்.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மனிதரால் வெளிவரும் பச்சைவீட்டு வாயுக்களில் 14.5 வீதம் கால்நடைத்துறைக்கு உரியது. அதில் ஏறக்குறைய 45 வீதம் தீவனத்தை விளைவிப்பதிலும் பதப்படுத்துவதிலும் உண்டாகிறது. மாடு அசைபோட்டு ஏப்பமாக விடும் மீதேன் 39 வீதம். பழி முழுவதையும் மாட்டின் வாயில் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சோளத்துக்கு இடும் யூரியாவின் ஒரு பகுதி நைதரசன் ஒட்சைட்டு வாயுவாக மாறுகிறது. அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமேற்ற வல்லது. சோயா விளைந்த நிலம் கடந்த 20 ஆண்டுகளுக்குள் காடாக இருந்திருந்தால், அந்தக் காடழிப்பின் பங்கும் சோயாப் பிண்ணாக்கின் தலையில் எழுதப்படும்.

முன்னர் ஒவ்வொரு கம்பனியும் தன் வசதிப்படி கணக்கெழுதியது. ஒருவர் கப்பல் செலவைச் சேர்ப்பார், மற்றவர் விட்டுவிடுவார். 2012இல் உணவு விவசாய நிறுவனத்தின் கீழ் அரசுகள், கைத்தொழில் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து ‘லீப்’ என்ற பங்காளித்துவத்தை அமைத்துப் பொதுவான அளவை முறைகளை எழுதின. தீவனக் கம்பனிகளும் அவற்றின் சங்கங்களும் கூடி ‘ஜி.எவ்.எல்.ஐ.’ என்ற நிறுவனத்தின் மூலம் தீவனப் பொருட்களின் தரவுக் களஞ்சியம் ஒன்றையும் உருவாக்கின. சந்தையில் போட்டியிடுவோர் ஒரே தராசில் நிறுக்கச் சம்மதித்தது நல்ல காரியம் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் தராசைச் செய்தவர்களும் வியாபாரிகளே என்பதையும் மறக்கவேண்டாம்.

இக்கணக்கில் கடினமான இடம் பங்கு பிரிப்பது. நெல்லை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ நெல்லைக் குற்றினால் 65 கிலோ அரிசியும் 8 கிலோ தவிடும் கிடைப்பதாக வைப்போம். உமியை விட்டுவிடுவோம். வயலுக்கு இட்ட பசளை, இறைத்த நீர், உழவுக்குப் போன டீசல் எல்லாவற்றின் சுமையையும் இவ்விரண்டுக்கும் எப்படிப் பிரிப்பது? நிறைப்படி பிரித்தால் தவிட்டுக்கு 11 வீதம். விலைப்படி பிரித்தால் வேறு. அரிசி கிலோ 200 ரூபா, தவிடு 75 ரூபா என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், மொத்தம் 13,600 ரூபாவில் தவிட்டின் பங்கு 600 ரூபா. அதாவது 4 வீதத்துக்குச் சற்று மேல். அதே தவிடு, அதே வயல். முறையை மாற்றியதும் சுமை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது! ஆகவே யாராவது ஒரு தொகையைச் சொன்னால், எந்த முறையில் பிரித்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். தேங்காய்ப் பிண்ணாக்குக்கும் எண்ணெய்க்கும் இதே கேள்விதான்.

இன்னொரு பொறியும் உண்டு. சுமையை ஒரு லீற்றர் பாலுக்கு என்று வகுத்தால் நாளுக்கு 2 லீற்றர் தரும் ஊர்மாடு தோற்கும், 10 லீற்றர் தரும் கலப்பினப் பசு வெல்லும். ஊர்மாட்டின் சாணம் தோட்டத்துக்குப் போனதையும், ஆபத்துக்கு அதை விற்றுப் பிள்ளையின் மருத்துவச் செலவைப் பார்த்ததையும் அந்த வகுத்தல் காணாது. கலப்பினப் பசு கூடாதென்று நாம் சொல்லவில்லை. அதற்கு நாள்தோறும் மூட்டைத் தீவனமும் தண்ணீரும் நிழலும் வேண்டும். பிறர் காணியில் கொட்டில் போட்டிருப்பவர்கள் இதை இருமுறை யோசிக்கவேண்டும்.

மனிதர் உண்ணமுடியாததை மாடு உண்ணும்போது சுமை குறைவு. வயலில் எரித்துவிடும் வைக்கோலும், வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையும் அப்படிப்பட்டவை. வைக்கோலில் புரதம் 4 வீதமளவில்தான் உண்டு. சீமைக்கிளுவை இலையின் உலர்நிறையில் 20 வீதத்துக்கு மேல் உண்டு. தேங்காய்ப் பிண்ணாக்குக்கு அது குறைந்ததல்ல. புதிய மாடு அதன் மணத்துக்கு முகம் திருப்பும். முதல்நாள் வெட்டி வாடவிட்டு, புல்லோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். வேலி உங்களுடையது அல்லவென்றால் காணிக்காரரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்; இலைக்காக வந்த மனத்தாங்கல் முகாமைவிட்டு வந்தபின்னும் போகாது.

மாடு உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குக் கொப்பியில் எழுதிப் பாருங்கள்: திகதி, என்ன தீவனம், எத்தனை கிலோ, எங்கிருந்து வந்தது, காசு கொடுத்ததா வெட்டியதா, பால் எவ்வளவு, சாணம் எத்தனை கூடை, அது எங்கே போனது. மாடு தர வரும் உத்தியோகத்தருக்கு அந்தக் கொப்பியைக் காட்டி, அவர் தரும் மாட்டுக்குரிய தீவனத்தை முதல் ஆறு மாதத்துக்கு யார் தருவார் என்று கேளுங்கள்.