கப்பல் திரும்பும் துறை

கடற்கரையே இல்லாத எங்கள் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில், உல்லாசக் கப்பலில் போகிறவர்களுக்கு விசா வேண்டுமா வேண்டாமா என்று என்னிடம் வந்து கேட்பவர்களின் தொகை சில ஆண்டுகளாகப் பெருகிக்கொண்டே வருகிறது. மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குன்னம், வேப்பந்தட்டைப் பக்கத்துக் குடும்பத்தாரும், அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளில் உழைத்து ஓய்வுபெற்றவர்களும், சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மகனோ மகளோ ஆசையோடு எடுத்தனுப்பிய கப்பல் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்கிறார்கள். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் மனைவியோடும் உறவினரோடும் இத்தகைய பிரயாணங்களை மேற்கொண்டவன் என்ற முறையிலும், ஊராருக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் பழக்கமுடையவன் என்ற முறையிலும், நான் அறிந்தவற்றை ஓரிடத்தில் எழுதிவைப்பது அவர்களுக்கு உபகாரமாயிருக்கும் என்று கருதுகிறேன்.

வருகிறவர்கள் எல்லாரிடமும் பெரும்பாலும் ஒரே எண்ணந்தான் குடிகொண்டிருக்கிறது. கப்பலிலேயே உண்டு, கப்பலிலேயே உறங்கி, பகலில் சில மணி நேரம் கரையிறங்கிப் பார்த்துவிட்டு மாலையில் ஏறிக்கொள்பவனை எந்த தேசம் விசா கேட்கப் போகிறது என்பதே அது. இந்த எண்ணத்துக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரையில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த ரஜூலா கப்பலையும், அதற்குப் பின்வந்த எம்.வி. சிதம்பரத்தையும் பற்றித் தம் பாட்டன்மார் சொல்லக் கேட்ட குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் இன்றும் இருக்கின்றன. ரஜூலா ஓடத் தொடங்கிய காலத்தில், புறப்படும் கரையும் சேரும் கரையும் ஒரே சாம்ராஜ்யத்தின் ஆளுகையில் இருந்தபடியால், கடல் கடப்பது என்பது இன்றுபோல் தேசம் கடப்பதாக இருக்கவில்லை. இன்றோ, அதே நீர்வழியில் ஒவ்வொரு துறையும் தனித்தனி தேசத்தின் வாசலாக நிற்கிறது. கப்பலுக்கென்று பொதுவான விசா என ஒன்று உலகில் எங்கும் கிடையாது.

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, மலேசியாவின் பினாங்கையும் தாய்லாந்தின் புக்கெட்டையும் தொட்டுக்கொண்டு மறுபடியும் சிங்கப்பூருக்கே வந்து சேரும் பிரயாணத்தை எடுத்துக்கொள்வோம். எங்களூர்க்காரர்கள் அதிகமாகப் போவது அந்த வழியில்தான். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியப் பிரஜைகளுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று அறிவித்தது. தாய்லாந்து அதற்குச் சில வாரங்கள் முந்திக்கொண்டு 30 நாள் சலுகையை வழங்கி, 2024 ஜூலையில் அதை 60 நாளாக உயர்த்தியது. ஆகவே, அந்தச் சலுகைகள் நீடிக்கும் வரையில், நடுவில் உள்ள இரண்டு அயல்நாடுகளும் நமக்குக் கதவைத் திறந்துவைத்திருக்க, புறப்படும் துறையாகிய சிங்கப்பூர் மட்டுமே விசா கேட்கிறது. அதுவும் ஒரு நுழைவுக்கு அன்று, இரண்டு நுழைவுக்கு. விமானத்தில் சென்று இறங்குவது முதல் நுழைவு. கப்பல் கடலுக்குள் போனவுடனே நாம் சிங்கப்பூரை விட்டு வெளியேறியவர்களாகிவிடுவதால், நான்கு நாள் கழித்து அதே துறையில் வந்து இறங்குவது இரண்டாவது நுழைவு.

இதை என் அக்காவின் கணவருக்கு விளக்கியபோது, "ஏன் மாப்பிள்ளை, கூட்டிக்கொண்டு போன கப்பலே நம்மைத் திரும்பக் கொண்டுவந்து விடத்தானே போகிறது? அதற்கு இன்னொரு அனுமதி எதற்கு?" என்று கேட்டார். மிக நியாயமான கேள்வி அது. "மாமா, கப்பல் நம்மைக் கொண்டுவந்து விடும், ஆனால் உள்ளே விடுவது கப்பல் அன்று" என்றேன். ஏஜெண்டிடம் கொடுத்த விண்ணப்பத்திலேயே கப்பலின் பிரயாண விவரத்தை இணைத்து, பல நுழைவு விசாவே வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருந்தோம். மரீனா பே கப்பல் நிலையத்தில் எங்கள் முறை வந்தபோது, மேசையில் இருந்த பெண் முதலில் தேடிப் பார்த்தது விசாத் தாளில் எத்தனை நுழைவு என்று குறித்திருந்த அந்த ஒரு வரியைத்தான். எங்களுக்கு முன்னே நின்ற ஒரு வயதான தம்பதியிடம் அந்த வரி ஒரே நுழைவு என்று இருந்ததால், பெட்டிகளை ஏற்கெனவே கப்பலுக்குள் அனுப்பிவிட்ட அவர்கள் ஓரமாக நிறுத்தப்பட்டார்கள். அந்த வயதான தம்பதியின் முகம் இன்றும் என் மனத்தை வருத்துகிறது; அவர்களுக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

உரிய பத்திரமில்லாத பிரயாணியை ஏற்றிச் சென்றால் அந்த தேசம் கப்பல் நிறுவனத்தைத்தான் முதலில் பொறுப்பாளியாக்கும் என்பதால், நிறுவனங்கள் இந்த விஷயத்தில் கடுமையாக இருப்பதைக் குறைகூற இடமில்லை. இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லியும் பயனில்லை. வழியில் உள்ள எல்லாத் துறைகளுக்கும் உரிய பத்திரம் இருந்தாலன்றிப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

கப்பல் பிரயாணிகளுக்கென்றே சிறப்பான விலக்குகள் இல்லாமலும் இல்லை. ஜப்பான் 2015-ஆம் ஆண்டு முதல், அனுமதிபெற்ற உல்லாசக் கப்பல்களில் வருவோரை விசா இல்லாமலே கரையிறங்க விடும் ஒரு முறையை ஏற்படுத்தியிருக்கிறது. சீனமும் 2024 மே மாதத்திலிருந்து தன் கடற்கரைத் துறைமுகங்களுக்குக் கப்பலில் குழுவாக வரும் அயல்நாட்டுப் பயணிகளுக்கு 15 நாள் வரை விசாவிலிருந்து விலக்களிக்கிறது. ஆனால் இத்தகைய சலுகைகளின் உட்பொருளை ஊன்றிப் பார்த்தால், அவை, பயணி வந்த கப்பலிலேயே திரும்பிப் போய்விடுவான் என்ற நம்பிக்கையின் மேல், கப்பலோடு சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன என்பது விளங்கும். ஜப்பானியச் சலுகையை நம்பி, டோக்கியோவுக்கு விமானத்தில் போய் யோகோஹாமாவில் கப்பலேற நினைப்பவனுக்கு அந்தச் சலுகை ஒருபோதும் உதவாது. அவன் முறைப்படி விசா பெற்றே தீரவேண்டும். கரையில் நேரம் போவது தெரியாமல் சுற்றிக் கப்பலைத் தவறவிட்டவனும், அந்தக் கணத்திலேயே விசா இல்லாத அந்நியனாகிவிடுகிறான். ஆதலால், கப்பல் புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னதாகவே துறைக்குத் திரும்பிவிடுவதை எங்கள் குடும்பத்தில் ஒரு விரதமாகவே அனுசரித்து வருகிறோம்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்போருக்கு நேரும் சங்கடம் வேறு வகையானது. சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குப் போய்த் திரும்பும் கப்பல், பனிமலைகளையெல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் கனடாவின் விக்டோரியா நகரில் ஒரு மாலைப்பொழுது நிற்கும். இரண்டும் அமெரிக்க மண்தானே, இடையில் கனடா எதற்கு என்று ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த ஒரு தாயார் என்னைக் கேட்டார்கள். அதற்குக் காரணம் 1886-ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்கச் சட்டம். அந்த நாட்டில் கட்டப்பட்டு அந்த நாட்டுக் கொடியேந்திய கப்பல்களே அதன் துறைகளுக்கிடையில் ஆட்களை ஏற்றிச் செல்லலாம் என்று அது விதிக்கிறது. அயல்நாட்டுக் கொடியேந்திய உல்லாசக் கப்பல்களோ, புறப்பட்ட துறைக்கே திரும்பும் பிரயாணத்தில் ஓர் அயல்நாட்டுத் துறையையாவது தொட்டாக வேண்டும். நூற்று நாற்பதாண்டுப் பழமையுடைய அந்தச் சட்டத்தின் விளைவாக, மகனைப் பார்க்கப் போன அரியலூர்த் தாய் ஒரு மாலைப்பொழுதின் பொருட்டுக் கனடாவின் விசாவையும் பெற வேண்டியவளாகிறாள். அமெரிக்க விசா இருக்கிறதே என்று அசட்டையாக இராமல், இந்தியாவிலிருந்து புறப்படும் முன்பே அதற்கும் சேர்த்து விண்ணப்பித்துவிடுவது உத்தமம். கைரேகை பதிவதும் ஒப்புதல் வருவதும் பல வாரங்களைக் கொள்ளக்கூடிய காரியங்கள்.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: கப்பல் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் நின்றுவிட்டு நடுவில் துருக்கிக்கோ பிரிட்டனுக்கோ போய்வருமானால், அங்கேயும் இரண்டாவது நுழைவு என்ற பழைய கதைதான்.

தொலைதூர நாடுகளை விட்டு நம் பக்கத்துக்கு வருவோம். 2023 ஜூன் 5-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்குச் சென்றது. அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கிற்று. எங்கள் ஊரிலிருந்து நாகைக்குப் பஸ்ஸில் போய்விடலாம் என்பதால் யாழ்ப்பாணம் இப்போது பலருக்கு எட்டும் தூரமாகிவிட்டது. ஆனால் இலங்கையின் விசா ஏற்பாடு அந்தச் சிறிய காலத்துக்குள்ளேயே மாறி மாறி வந்தது: 2023-இன் இறுதியில் இந்தியருக்குக் கட்டணம் நீக்கப்பட்டது, 2024 ஏப்ரலில் புதிய மின்விசா முறை புகுத்தப்பட்டது, ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது, பிறகு பழைய மின்னணுப் பயண அனுமதியே திரும்பி வந்தது. போன வருஷம் போய்வந்த பங்காளி சொன்னதை வைத்துக்கொண்டு இந்த வருஷம் புறப்படக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் சொந்த அறிவிப்பை, டிக்கெட் எடுக்கும்போது ஒருமுறையும் புறப்படும் வாரத்தில் மறுமுறையும் படித்துப் பார்க்கவேண்டும்.

நம் சொந்த தேசத்துக்குள்ளேயே அனுமதிச் சீட்டு வேண்டும் இடமும் உண்டு. கொச்சியிலிருந்து கப்பலில் லட்சத்தீவுக்குப் போகிறவர், இந்தியப் பிரஜையாகவே இருந்தாலும், 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி நுழைவு அனுமதி பெறவேண்டும். அத்தீவுகளின் பூர்வகுடிகளுடைய வாழ்வைக் காப்பதற்காக ஏற்பட்ட அந்த விதியை நான் மனமார வரவேற்கிறேன்.

இனி, எங்கள் மாவட்டத்தாருக்கு விசாவைவிடவும் பெரிய முட்டுக்கட்டையாக இருக்கும் ஒன்றைச் சொல்லவேண்டும்; அது பெயர். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு தன் பெயர் ஒன்றையே வைத்து வாழ்வது நம் வழக்கம். குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லாத மக்கள் நாம். அதில் ஓர் உயர்ந்த கொள்கையும் இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும் முதியவர்களைக் கப்பல் நிறுவனத்தின் படிவம் ஏற்க மறுக்கிறது. மகனோ, இடம் நிரம்பினால் போதும் என்று எதையாவது எழுதிவிடுகிறான். டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர் என்று ஆகிவிடுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள இந்தியரைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது, துபாய்க் கப்பலுக்கு ஏற்பாடு செய்திருந்த எங்களூர்க் குடும்பம் ஒன்று கலங்கிப்போயிற்று. தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்ற விளக்கம் பிறகு வந்தது. இருந்தாலும், புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்பவர்களுக்கும் புதுப்பிப்பவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: முதலெழுத்தை முழுப் பெயராக விரித்து, தகப்பனார் பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயருக்கான இடத்தில் எழுதிவிடுங்கள். இரு மாவட்டங்களும் திருச்சி மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருபவை. சாதாரண விண்ணப்பத்துக்கு 36 பக்கப் புத்தகத்தின் கட்டணம் 1,500 ரூபாய். அங்கே போகுமுன், ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் பெயரின் எழுத்துக்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். பெரியநாயகி என்ற பெயரை மூன்று சான்றுகளில் மூன்று விதமான ஆங்கில எழுத்துக்களில் நான் கண்டிருக்கிறேன்.

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில், வேலைக்காக அயல்நாடு சென்று மீண்டவர்கள் வேறொன்றையும் கேட்பதுண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அந்த அனுமதி வேண்டிய 18 நாடுகளின் வரிசையில் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா ஆகியவையும் இருப்பதால், கப்பலில் அங்கே போகவும் அனுமதி வேண்டுமோ என்று அஞ்சுகிறார்கள். அது உழைக்கப் போகிறவரை வஞ்சகத்திலிருந்து காப்பதற்கான ஏற்பாடு. ஊர் பார்க்கப் போகிறவருக்கு அது வேண்டியதில்லை. எனினும் விமான நிலையத்தில் கேள்வி எழலாமாதலால், திரும்பும் விமான டிக்கெட்டையும் கப்பல் டிக்கெட்டையும் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்திருப்பது நலம்.

பாஸ்போர்ட்டுக்குப் பிரயாணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதமாவது ஆயுள் இருக்கவேண்டும். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை நிறுவனத்தாரே வாங்கி வைத்துக்கொண்டு ஓர் அட்டையை மட்டும் கொடுப்பார்கள். அது வழக்கமான நடைமுறைதான், அச்சப்பட வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட், விசா இரண்டின் நகல்களையும் உடன் எடுத்துக்கொண்டே கரையிறங்குங்கள். பினாங்கில் நாங்கள் இறங்கிய அன்று, வடக்கே இருக்கும் கெடாவே நம் கங்கைகொண்ட சோழபுரத்து ராஜேந்திரன் வென்ற கடாரம் என்று என் அக்காவிடம் சொன்னபோது, கல்லில் மட்டும் படித்திருந்த ஒரு பெயரின் மண்ணுக்கு இத்தனை அருகில் வந்துவிட்டோமா என்று அவள் நெடுநேரம் அத்திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலேசியாவும் தாய்லாந்தும் சிங்கப்பூரும் வருகையாளர் ஒவ்வொருவரிடமும் மின்னணு வருகைப் படிவம் ஒன்றைக் கேட்கின்றன. அதைத் தத்தம் நாட்டு அரசின் தளத்தில் கட்டணமின்றி நிரப்பலாம்; பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது அரசினுடையது அன்று. கப்பல் பிரயாணிக்கு இதை நிறுவனம் செய்துகொடுக்கிறதா, தாமே செய்யவேண்டுமா என்பதை முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்ப் படிவத்தை வந்து சேருவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்பவேண்டும் என்பது விதி. விமானத்தில் போய் இறங்கும்போது ஒருமுறை நிரப்பியது கப்பலில் திரும்பும்போது செல்லாது, இன்னொன்று வேண்டும். நடுக்கடலில் இணைய வசதிக்குக் கட்டணம் அதிகமாகையால், கடைசித் துறையில் இறங்கியிருக்கும்போதே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து, குடும்பத்தார் எல்லாருடைய படிவங்களையும் முடித்து அனுப்பிவிட்டு, அதன்பின் கப்பலேறுவதே எங்கள் வழக்கம்.