நம்பிக்கையோடு துக்கப்படுதல்

வேத பகுதி: யோவான் 11:17-44, 1 தெசலோனிக்கேயர் 4:13-18



2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸின் மறுநாள். ஆலய ஆராதனைக்குரிய காலை வேளையில் கடல் பொங்கியது. கூனிமேடு, மரக்காணம் பகுதி உள்பட நம் கடற்கரையெங்கும் தண்ணீர் ஏறிவந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர். முந்தின நாள் பாலன் பிறப்பைப் பாடின வாய்கள் ஒப்பாரி வைத்தன. இப்படிப்பட்ட வேளையில் கிறிஸ்தவ நம்பிக்கை நமக்கு என்ன கற்பிக்கிறது?

1. கண்ணீர் அவிசுவாசமல்ல

லாசரு அடக்கம்பண்ணப்பட்டு நான்கு நாளாயிற்று. அவனை எழுப்பப்போவதை ஆண்டவர் அறிந்திருந்தார். ஆயினும் மரியாள் அழுவதைக் கண்டு அவரும் அழுதார். துக்கமே கூடாது என்று பவுலும் எழுதவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கப்பட வேண்டாம் என்றே எழுதினார். ஆகையால் துக்க வீட்டில், "அழாதீர்கள், எல்லாம் தேவசித்தம்" என்று அவசரப்பட வேண்டாம். முதலில் பக்கத்தில் உட்காருவோம். ஆறுதல் சொல்ல வேளை வரும்.

2. சாவு தண்டனைச் சீட்டு அல்ல

"என்ன பாவம் செய்தார்களோ" என்ற பேச்சு, நொந்த மனதை இன்னொருமுறை வெட்டும். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் மற்றவர்களிலும் அதிகக் குற்றவாளிகள் அல்ல என்றார் ஆண்டவர் (லூக்கா 13:4,5). கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்ப அழைத்தார்.

3. நம்பிக்கை கைகளுக்கு வேலை தருகிறது

லாசருவை எழுப்பினவர் ஆண்டவர். கல்லை அகற்றுவதையும் கட்டுகளை அவிழ்ப்பதையும் அங்கே நின்றவர்களிடம் விட்டார்.

இந்தக் கடற்கரைக்கு மேற்கே இருக்கும் திண்டிவனத்தில், 1890-களில் ஓர் இரவு நடந்ததை நினைப்போம். பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவியருக்கு உதவ ஒரு பெண் வேண்டுமென்று மூன்று கணவர்கள், ஒருவர்பின் ஒருவராக, மிஷனெரி மருத்துவர் ஸ்கடரின் வீட்டுக்கு வந்தார்கள். ஆண் மருத்துவரை அனுமதிக்க அக்கால வழக்கம் இடந்தரவில்லை. அவர் மகள் ஐடாவோ மருத்துவம் படித்தவரல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள்.

ஐடா அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்தார். வந்த சில மாதங்களில் தகப்பனாரும் மரித்தார். அந்தத் துக்கத்தின் நடுவிலும் வேலூரில் ஒரே படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். மனைவியை இழந்த ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் அவள் நினைவாக 10,000 டாலர் கொடுத்திருந்தார். அதைக்கொண்டு 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அந்த வேரில் வளர்ந்ததே.

அந்த மூன்று தாய்மாரை எந்த மருத்துவமனையும் திருப்பித் தரவில்லை. ஷெல்லின் மனைவியும் திரும்பவில்லை. மரித்தோரை எழுப்புவது ஆண்டவருக்கே உரியது. அந்நாள் வருமளவும் கல்லை அகற்றுவது நமக்குரியது. மழையில் மூழ்கிய பாத்தியை மறுபடி மிதித்துச் சீராக்கும் உப்பளத் தொழிலாளி அன்றே உப்பைக் காண்பதில்லை. என்றாலும் மிதிக்கிறார்.

சிந்திக்க: உங்கள் சபையில் இந்த ஆண்டு துக்கமடைந்த குடும்பம் எது? அடக்க ஆராதனைக்குப்பின் அவர்களை யார் போய்ப் பார்த்தார்கள்? இழந்த ஒருவரின் நினைவாக, உயிரோடிருக்கும் ஒருவருக்கு நீங்கள் என்ன செய்யலாம்?

ஜெபம்: கல்லறையண்டை அழுத ஆண்டவரே, எங்கள் கண்ணீரையும் எங்கள் கைகளையும் ஏற்றுக்கொள்ளும். ஆமென்.