கட்டைவிரலாக மாறிய ஆள்காட்டி விரல்

என் இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குப் பிறவியிலேயே வலக்கையில் கட்டைவிரல் இல்லை. பள்ளியில் சேருமுன்பே அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். ஆள்காட்டி விரலின் எலும்பைக் குறுக்கி, நரம்பும் இரத்தக் குழாயும் அறுபடாமல் திருப்பி, கட்டைவிரலின் இடத்தில் பொருத்துவார்கள். ஆனால் பழகினால்தான் அது கட்டைவிரல். அவளோ பென்சிலை மற்ற விரல்களின் இடுக்கில் செருகியே எழுதுவாள்.

கையெழுத்தில் நான் கை வைக்கவில்லை. துணிக் கிளிப்பை அழுத்துவது, களிமண் உருட்டுவது, புளியங்கொட்டை பொறுக்குவது என இயன்முறை மருத்துவர் சொன்னவற்றை வகுப்பு முழுவதற்கும் விளையாட்டாக்கினேன். தடித்த முக்கோணப் பென்சிலும் உதவியது. கணக்குப் பாடத்தில் ‘பத்து விரலைக் காட்டு’ என்று கேட்பதை நிறுத்திவிட்டேன், அவளுக்கு ஒன்பதுதானே! இப்போது தண்ணீர் பாட்டில் மூடியைத் தானே திருகுகிறாள். எழுத்து இன்னும் கோணல்தான்.

தேசிய சிறார் நலத்திட்டத்தில் நம் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு, 18 வயது வரை உள்ளவர்களின் பிறவிக் குறைபாடுகளைக் கண்டறிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறது. கையைச் சட்டைப் பைக்குள் மறைக்கும் பிள்ளையைப் பற்றி அவர்களிடம் தனியே சொல்லிவிடுங்கள். கட்டைவிரல் இல்லாத சிலருக்கு இதயக் குறைபாடும் இருக்கக்கூடும். ஓட்டப் பந்தயத்தில் சேர்க்குமுன் அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.